மரம் தூக்கும் சக்கரம்

திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலுக்குப் போனவர்கள் அங்கே நிற்கும் இரண்டு எருக்கந்தூண்களைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். தொண்டைமான் குறும்பரை வென்று, அவர்களுடைய கோட்டையிலிருந்து வெற்றிச் சின்னமாகக் கொண்டுவந்தவை என்பது தலவரலாறு. வென்றவர் யார், தோற்றவர் யார் என்பது கதையில் இருக்கிறது. அந்த மரங்களை எப்படிக் கொண்டுவந்தார்கள், எத்தனை பேர் தோள் கொடுத்தார்கள் என்பது மட்டும் இல்லை.

அந்தக் கேள்வி ஆவடிப் பக்கத்தில் இன்னும் பழசாகவில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையான சி.டி.எச். சாலை மாதிரி அகலமான இடத்தில் ஜேசிபி வந்து தள்ளிவிடும். உள் தெருவில் அது நுழையாது. நுழைந்தாலும் கால்வாய் மூடியும் காம்பவுண்டுச் சுவரும் தப்பாது. அங்கே செயின் சாவால் துண்டு போட்டு, கயிறு கட்டி, கம்பு கோத்து, நான்கு பேர் தோளில் ஏற்றித்தான் வண்டிக்குக் கொண்டுபோக வேண்டும். புயல் இல்லாத நாளிலும் மரம் வெட்டும் வேலை இப்படித்தான் நடக்கிறது.

எவ்வளவு கனம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டடி குறுக்களவு, ஆறடி நீளம் கொண்ட பச்சைத் தூங்குமூஞ்சித் துண்டு ஒன்று. கன மீட்டருக்கு 800 கிலோ என்று வைத்தாலே 400 கிலோவைத் தாண்டும். நான்கு பேர் சுமந்தால் தலைக்கு 100 கிலோவுக்கு மேல். ஒரு வளர்ந்த ஆண் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்துவிட்டது. மரம் வெட்டும் தொழிலாளியின் முதுகு அந்தப் பரிந்துரையை இன்னும் பார்க்கவில்லை.

இதற்கான விடை ஒன்று 1875இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஏரிக்கரை ஊரான மானிஸ்டியில் பிறந்தது. அங்கே சைலஸ் ஓவர்பேக் என்றொருவர் வண்டிச் சக்கரம் செய்யும் பட்டறை வைத்திருந்தார். ஒரு விவசாயி வந்து, வழக்கத்துக்கு மாறாக மிகப் பெரிய சக்கர ஜோடி ஒன்று வேண்டும் என்று கேட்டாராம். செய்து கொடுத்தார். அதே ஆள் மறுபடியும் வந்து இன்னொரு ஜோடி கேட்டதும், இதை வைத்து என்னதான் செய்கிறீர்கள் என்று ஓவர்பேக் விசாரித்திருக்கிறார். நிலத்தைத் திருத்தும்போது வெட்டிய மரங்களை அச்சுக்குக் கீழே தொங்கவிட்டு இழுத்துப் போகிறேன் என்று பதில் வந்தது. யோசனை விவசாயியுடையது, அதைப் பிடித்துக்கொண்டது பட்டறைக்காரரின் காது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்: வாங்கியவர் திரும்பி வந்தபோது ஏன் என்று கேட்கத் தோன்றியது.

ஓவர்பேக் செய்து விற்ற சக்கரங்கள் 9 அடியிலிருந்து 10 அடி வரை உயரம். மாட்டு வண்டி தெரிந்தவர்களுக்கு அதன் வேலை உடனே புரியும். கீழே கிடக்கும் மரத்துக்கு இருபுறமும் சக்கரம் வருமாறு வண்டியை நிறுத்துவார்கள். ஏர்க்காலை வானத்தைப் பார்க்கத் தூக்கி, அச்சிலிருந்து வரும் சங்கிலியை மரத்தில் சுற்றி மாட்டுவார்கள். பிறகு ஏர்க்காலைக் கீழே இழுத்தால், ஏற்றத்தில் துலா சாய்வது போல, சங்கிலி மேலேறி மரத்தின் முன்பகுதி மண்ணை விட்டு எழும்பும். பின்நுனி தரையில் உரசிக்கொண்டே வரும். அந்த உரசலே ஓரளவு பிரேக்கும் ஆகிவிடும்.

மரம் இழுப்பதில் பெரும்பாடு படுத்துவது அதன் முன்முனை மண்ணில் குத்தி உழுதுகொண்டு போவதுதான். அந்த ஒரு முனையைத் தூக்கிவிட்டால் போதும், வேலை வேறாகிவிடும். சக்கரம் பெரிதாக இருந்தால் பள்ளம், அடிக்கட்டை எல்லாவற்றின் மேலும் ஏறிவிடும். அதுவரை மிச்சிகன் காடுகளில் மரம் இழுக்கப் பனிக்காலத்தை எதிர்பார்த்தார்கள். உறைந்த பாதையில்தான் சறுக்கு வண்டி ஓடும். சக்கரம் வந்தபின் கோடையிலும் வேலை நடந்தது. ஆபத்தும் இருந்தது. சரிவில் பாரம் குதிரைகளை முந்திக்கொண்டு ஓடிவரும். பின்னால் வந்தவர்கள் ஏர்க்காலை நழுவும்படி அமைத்து, வண்டி முன்னே பாய்ந்தால் மரம் தானாகத் தரையில் இறங்கி நிறுத்தும்படி செய்தார்கள்.

நம் ஆனைமலையில் வேறு வழி. யானைகள் இழுத்தன, மரத்தைச் சரிவில் சறுக்கிவிட்ட இடத்துக்கு டாப்சிலிப் என்றே பெயர் நின்றது.

டிராக்டர் வந்ததும் பெரிய சக்கரம் அருங்காட்சியகத்துக்குப் போனது. 1953இல் ஜோசப் பாம்ஃபோர்ட் இங்கிலாந்தில் டிராக்டரின் முன்னால் வாளியும் பின்னால் தோண்டும் கையும் சேர்த்துப் பூட்டிய ஜேசிபி இயந்திரம், 1979க்குப் பிறகு ஹரியானாவின் பல்லப்கரிலிருந்து நம் ஊர் வரை வந்துவிட்டது. ஆனால் அந்த விவசாயியின் யோசனை சாகவில்லை. வெளிநாடுகளில் மரம் வெட்டும் வேலை செய்பவர்கள் அதையே இடுப்புயரத்துக்குச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். வளைந்த இரும்புச் சட்டம், இரண்டு காற்றடைத்த டயர், நீளமான கைப்பிடி, ஒரு சங்கிலிக் கொக்கி, அவ்வளவுதான். தரை சமமாக இருந்தால், நான்கு பேர் திணறும் துண்டை இரண்டு பேர் தள்ளிப் போகலாம். வாசற்கதவு வழியாகப் போகும், டீசல் கேட்காது.

கிளைக்கும் மிலாறுக்கும் அதுகூட வேண்டாம். அடிப்பக்கம் எல்லாம் ஒரே திசையில் வரும்படி அடுக்கிக் கயிற்றால் இறுக்கி, அடிப்பக்கத்தைப் பிடித்து இழுத்தால் தழை மடங்கிக்கொண்டு வழுக்கி வரும். நுனியைப் பிடித்து இழுப்பவர்கள்தான் தெரு முழுக்க மல்லுக்கட்டுகிறார்கள்.

இந்த வண்டியைச் செய்ய முடியாத ஊரில் நாம் இல்லை. ஒரு பக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் டாங்கி செய்யும் ஆவடி. கனமான குழாயை வளைக்க, ஆட்டோச் சக்கரம் பூட்ட, அரை டன் தாங்குமா என்று சோதித்துப் பார்க்க இங்கே கைகளுக்குப் பஞ்சமில்லை. பட்டறை வைத்திருப்பவர்கள், தெருவில் மரம் வெட்டுகிறவர்களிடம் என்ன வேண்டும் என்று ஒரு முறை கேளுங்கள். ஆவடி மாநகராட்சி, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, ஒவ்வொரு மண்டல அலுவலகத்திலும் இப்படி இரண்டு வண்டிகளைச் சங்கிலியோடு வாங்கி வைக்க வேண்டும்.