எண்ணி முடியாத எண்கள்

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், வெளிநாட்டுச் செய்தியொன்றை மொழிபெயர்க்கையில் பெரும் பிழையொன்றைச் செய்தேன். ஆங்கிலத்தில் ஒரு பில்லியன் டொலர் என்றிருந்ததைப் பத்துக் கோடி டொலர் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பில்லியன் என்பது நூறு கோடி. மறுநாள் பத்திரிகையில் அது அப்படியே வெளிவந்தது. செய்தி ஆசிரியர் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, விநாடிக்கு ஒரு எண் எண்டு வைச்சு, பத்துக் கோடி வரைக்கும் எண்ண எவ்வளவு காலம் செல்லும், நூறு கோடிக்கு எவ்வளவு செல்லும் எண்டு கணக்குப் பார்த்துக்கொண்டு வாரும்" என்றார்.

கலைப்பீடத்தில் படித்தவனுக்குக் கணக்கென்றால் கசப்பு. எனினும் செய்து பார்த்தேன். ஊண் உறக்கமின்றி எண்ணினால் பத்து இலட்சத்துக்குப் பதினொன்றரை நாட்களும், பத்துக் கோடிக்கு 3 ஆண்டுகள் 2 மாதங்களும், நூறு கோடிக்கு 31 ஆண்டுகள் 8 மாதங்களும் செல்லும். நான் தவறவிட்ட ஒரு பூச்சியம் இருபத்தெட்டரை ஆண்டுகளை விழுங்கியிருந்தது. அப்போது எனது வயதே அவ்வளவு இல்லை.

பெரிய எண்ணுக்குப் பெயரிடுவது வேறு, அதுவரை எண்ணிச் செல்வது வேறு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகரில் வாழ்ந்த ஆர்க்கிமிடிஸ், மன்னன் கெலோனுக்கு எழுதிய நூலில், பிரபஞ்சம் முழுவதையும் மணலால் நிரப்ப எத்தனை மணிகள் வேண்டும் என்று கணித்தார். கிரேக்க மொழியில் அன்று தனிப்பெயர் கொண்டிருந்த மிகப்பெரிய எண் பத்தாயிரமே. ஒரு கசகசா விதையின் அளவுக்குள் பத்தாயிரம் மணல்மணிகளுக்கு மேல் அடங்கா என்று தொடங்கி, படிப்படியாகப் பெருக்கி, ஒன்றுக்குப் பின் 63 பூச்சியங்கள் கொண்ட எண்ணுக்குள் அது அடங்கும் என்று காட்டினார். ஒரு மணலையேனும் அவர் எண்ணவில்லை. எண்ண வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

வாய்விட்டு எண்ணிப் பார்த்தவரும் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த ஜெரமி ஹார்ப்பர், 2007 ஜூன் 18 இல் ஒன்று என்று தொடங்கினார். நாளுக்கு 16 மணித்தியாலம் வீட்டிலிருந்தபடியே எண்ணினார். இணையத்தில் அது நேரடியாக ஒளிபரப்பானது. செப்டெம்பர் 14 ஆம் திகதி, 89 ஆவது நாளில், பத்து இலட்சத்தை எட்டினார். வகுத்துப் பார்த்தால் ஓர் எண்ணுக்கு ஐந்து விநாடி. எனது பழைய கணக்கு எவ்வளவு அப்பாவித்தனமானது என்று அப்போதுதான் விளங்கியது. 'ஏழு இலட்சத்து எழுபத்தேழாயிரத்து எழுநூற்று எழுபத்தேழு' என்பதை ஒரு விநாடியில் சொல்லிப் பாருங்கள்.

2004 டிசெம்பர் 26 இன் சுனாமியில் இலங்கையில் மட்டும் 30 ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். அந்த எண்ணைச் செய்தியிலும் கட்டுரையிலும் பலமுறை எழுதியவன் நான். எண் ஒன்றுக்கு மூன்று விநாடி என்று கொண்டாலும், முப்பதாயிரம் வரை சொல்லி முடிக்க 25 மணித்தியாலம் வேண்டும். ஒரு முழு நாளும் இன்னுமொரு மணித்தியாலமும். அதில் ஒருவரின் பெயர்கூட இல்லை. வெறும் எண்கள் மாத்திரமே.

எண்களுக்கே தம் வாழ்நாளைக் கொடுத்தவர் போலந்து ஓவியர் ரோமன் ஓபவ்கா. 1965 இல் வார்சோவில், கரிய திரையொன்றின் இடது மேல் மூலையில், சிறு தூரிகையால் வெள்ளை வர்ணத்தில் 1 என்று எழுதினார். தொடர்ந்து 2, 3 என்று வலது கீழ் மூலை வரை சென்றார். திரை நிரம்பியதும் அதே அளவிலான அடுத்த திரை, விட்ட எண்ணிலிருந்து. 1968 முதல் பின்னணி சாம்பல் நிறமாயிற்று. எழுதும் எண்களைப் போலந்து மொழியில் உச்சரித்து ஒலிப்பதிவும் செய்யலானார். அன்றன்றைய வேலை முடிந்ததும் தம் முகத்தையும் படம் பிடித்துக்கொள்வார். பத்து இலட்சத்தை எட்டவே ஏழு ஆண்டுகள் சென்றன. 1972 இலிருந்து ஒவ்வொரு புதிய திரையின் பின்னணியிலும் வெள்ளையை ஒரு வீதம் கூட்டிக்கொண்டு வந்தார். ஆண்டுகள் செல்லச் செல்லத் திரை வெளுத்தது. படங்களில் அவருடைய தலைமுடியும் வெளுத்தது. இறுதியில் வெள்ளையின் மேல் வெள்ளை. எழுதும் எண் கண்ணுக்குப் புலப்படாத நிலையில், வாயால் சொல்லும் குரலே அதற்குச் சாட்சி.

2011 ஓகஸ்ட் 6 ஆம் திகதி அவர் இத்தாலியில் காலமானார். 46 ஆண்டுகளில், சராசரியாக நாளுக்கு ஏறத்தாழ 330 எண்கள். அவர் எழுதிய கடைசி எண் 5607249. ஒரு கோடிக்குப் பாதி வழியைச் சற்றே தாண்டியிருந்தார்.