குடும்பவழிக் கணையப் புற்றுநோய்

பெற்றோர்–பிள்ளை அல்லது உடன்பிறந்தார் முறையிலுள்ள இருவருக்கேனும் கணையப் புற்றுநோய் கண்டு, அதற்குக் காரணமான பரம்பரை நோய் எதுவும் அடையாளம் காணப்படாத குடும்பத்தை மருத்துவர்கள் இப்பெயரால் குறிக்கிறார்கள். உலக அளவில் கணையப் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கே குடும்பப் பின்னணி உண்டு. மற்றவர்களிடம் முதுமை, புகை, உடல் பருமன், நீண்டகால நீரிழிவு, நாள்பட்ட கணைய அழற்சி ஆகியவையே பெரும்பாலும் காணப்படும் காரணங்கள்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 1994 முதல் நடத்திவரும் குடும்பப் பதிவேட்டின் தரவுகள் 2004இல் வெளிவந்தன. அத்தகைய குடும்பங்களில் நெருங்கிய உறவினர் இருவருக்கு நோய் இருந்தவருக்குப் பிறரைவிட ஆறு மடங்குக்கு மேலும், மூவருக்கு இருந்தவருக்கு முப்பது மடங்குக்கு மேலும் ஆபத்து காணப்பட்டது. முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரின் தந்தை 1953இலும், தங்கை ரூத், தம்பி பில்லி, தங்கை குளோரியா ஆகியோர் 1983–1990 காலத்திலும் இந்நோயால் இறந்தார்கள். புகைபிடிக்காத கார்ட்டரோ 2024இல் நூறு வயதில் காலமானார். கணையப் புற்றுநோய் அவருக்கு வரவேயில்லை. நால்வரைப் பறிகொடுத்த குடும்பத்திலும் எல்லாருக்கும் வந்தே தீரும் என்பதில்லை.

இந்தியாவில் இந்நோய் மேலைநாடுகளைவிட மிகக் குறைவு. ஆகவே ஒரே வீட்டில் இருவருக்கு வருவது தற்செயலாக இருக்கும் வாய்ப்பும் இங்கே குறைவு. அப்படி வந்தால் அதைப் பொருட்படுத்தியே ஆகவேண்டும். அப்படி வந்திருப்பதைப் பதிவேடு காட்டுமா?

பழனி மலைகளின் பெரும்பகுதி அடங்கிய திண்டுக்கல் மாவட்டத்துக்குத் தனிப் புற்றுநோய்ப் பதிவேடு உண்டு. ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையம், சென்னை அடையாறு புற்றுநோய் மையத்துடன் சேர்ந்து 2003 முதல் இதை நடத்துகிறது. ஆனால் இத்தகைய பதிவேடு ஆளை எண்ணும், வம்சத்தை எண்ணாது. வயது, ஊர், எந்த உறுப்பு, எப்படி உறுதிசெய்யப்பட்டது என்பன அதில் இருக்கும். கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறையில் போன வருடம் இறந்தவரும் பண்ணைக்காட்டில் இந்த வருடம் படுத்தவரும் அண்ணன் தம்பியா என்பது அதில் தெரியாது. அதை வீட்டில் உட்கார்ந்து கேட்டுத்தான் அறியமுடியும்.

கேட்பதும் எளிதல்ல. கணையத்தின் தலைப்பகுதியில் வரும் கட்டி பித்தக்குழாயை அடைப்பதால் முதலில் தெரிவது மஞ்சள் காமாலை. மலையிலும் சரி, சமவெளியிலும் சரி, காமாலை என்றால் முதலில் கீழாநெல்லி, பிறகு மருந்து கட்டுபவர், அதற்குப் பிறகே ஸ்கேன். ஸ்கேனுக்குப் போகாமலே இறந்தவர்கள் குடும்ப நினைவில் “மஞ்சக்காமாலையில போனவர்” என்றோ “சாப்பாடு இறங்காம ஆளே கரைஞ்சு போனார்” என்றோதான் இருப்பார்கள். ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று சர்க்கரை ஏறி, எடை குறைந்து, மேல்வயிற்றிலிருந்து முதுகுக்கு வலி பாய்ந்து, வெளிறிய மலமும் உடம்பெங்கும் அரிப்புமாக இருந்ததா என்று துருவிக் கேட்டால்தான் பழைய சாவுகளில் சில சந்தேகத்துக்குரியவை எனத் தெரியவரும். இங்கே குடும்பப் பின்னணி குறைத்தே எண்ணப்படுகிறது என்று கருத இதுவே போதுமான காரணம்.

மாறாக, கூட்டி எண்ணவும் வழி உண்டு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 28 திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. மாமன் மகளைக் கட்டியவரின் பிள்ளைக்கு, அப்பாவின் அம்மாவைப் பெற்ற தாத்தாவும் அம்மாவின் அப்பாவைப் பெற்ற தாத்தாவும் ஒருவரே. இரு தரப்பிலும் தனித்தனியாகக் கேட்டால் ஒரே நோயாளி இரண்டு பேராகிவிடுவார். “சொந்தத்துல கட்டினதால வந்த வினை” என்ற பேச்சும் இந்நோய்க்கு அவ்வளவாகப் பொருந்தாது. பி.ஆர்.சி.ஏ.2, பி.ஆர்.சி.ஏ.1, பால்பி2, ஏ.டி.எம்., சி.டி.கே.என்.2ஏ போன்ற மரபணுக்களில் பெற்றோர் ஒருவரிடமிருந்து வரும் ஒற்றைப் பழுதே ஆபத்தைக் கூட்டும். பழுதுள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச்சேரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. சொந்தத் திருமணத்தின் கேடு வேறிடத்தில் இருக்கிறது: பி.ஆர்.சி.ஏ.2 அல்லது பால்பி2 பழுது இரு பக்கமிருந்தும் வந்தால் குழந்தைக்கு ஃபான்கோனி இரத்தசோகை என்ற கடும் நோய் உண்டாகும். மார்பகம், சினைப்பை ஆகியவற்றில் வரும் புற்றுநோய்க்கும் இதே மரபணுக்கள் காரணமாவதால் அத்தை, சித்தி, பெரியம்மா வழிகளையும் விசாரிப்பது அவசியம்.

தென்னிந்தியாவில் கணையப் புற்றுநோய்க்கு இட்டுச்செல்லும் இன்னொரு வழி வெப்பமண்டலக் கணைய அழற்சி. மதுவைத் தொடாதவர்களுக்கும் இளவயதில் வயிற்றுவலி, கணையக் குழாயில் சுண்ணாம்புக் கற்கள், பிறகு நீரிழிவு என்று இது வளரும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அதிகம். சென்னை நோயாளிகள் 185 பேரைத் தொடர்ந்த ஆய்வு 1994இல் வெளிவந்தது. அவர்களில் 6 பேர் கணையப் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். எண்ணிக்கை சிறிதுதான், ஆனால் பொதுமக்களோடு ஒப்பிட்டால் சுமார் நூறு மடங்கு. கல் உள்ளவர்கள் சில குடும்பங்களில் கூட்டமாகவே இருப்பார்கள். இந்த அழற்சிக்கு ஸ்பிங்க்1 மரபணு மாற்றத்தோடு தொடர்பு இருப்பதை ஹைதராபாத் ஆய்வாளர்கள் 2002இல் காட்டினார்கள்.

மரபணுப் பரிசோதனையை நோயாளியிடமிருந்தே தொடங்குவது முறை; அவர் உயிரோடிருக்கும்போதே இரத்தமோ எச்சிலோ எடுத்துவிடவேண்டும். பழுது தெரிந்தால், 2019இல் வெளிவந்த போலோ ஆய்வு காட்டியபடி, பி.ஆர்.சி.ஏ. வகை நோயாளிக்கு ஓலாபரிப் மாத்திரை பயன்படலாம். உறவினர்களுக்கு அதே பழுதை மட்டும் தேடினால் போதும். இல்லாதவருக்கு ஆபத்து ஏறக்குறைய பிறரைப் போன்றதே. இருப்பவருக்கும், இருவருக்கேனும் நோய் கண்ட குடும்பத்தாருக்கும் பொதுவாக 50 வயதிலிருந்தோ, குடும்பத்தில் மிக இளவயதில் நோய் கண்டவரின் வயதுக்குப் பத்தாண்டு முன்பிருந்தோ ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. அல்லது எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்டு பரிந்துரைக்கப்படுகிறது. கொடைக்கானல்காரருக்கு இது மலையிறங்கி மதுரைவரை ஆண்டுக்கு ஒருமுறை போய்வரும் வேலை. பீடி, சிகரெட்டை விடுவதற்கு மலையிறங்க வேண்டியதில்லை. புகைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இத்தகைய குடும்பங்களில் நோய் சுமார் பத்தாண்டு முன்னதாகவே தலைகாட்டுகிறது.