கார்ல் ஹான்ஸ் யாங்கே (1909–1988): மனநல விடுதியில் பிறந்த விண்கலங்கள்

டிரெஸ்டன் நகரம் என்றால் 1945 பிப்ரவரியில் நடந்த குண்டுவீச்சுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான். அந்த நகரத்தைப் பற்றிப் படிக்கப் போய், அதைச் சுற்றியுள்ள சாக்சனி மாநிலத்தில் வாழ்ந்த ஒரு வினோதமான ஓவியரிடம் வந்து சேர்ந்தேன். அவர் பெயர் கார்ல் ஹான்ஸ் யாங்கே. தமிழில் இவரைப் பற்றி நான் எதுவும் படித்ததில்லை என்பதால் இந்தச் சிறு அறிமுகம்.

யாங்கே 1909இல் பால்டிக் கடலோர நகரமான கோல்பெர்க்கில் பிறந்தார். அன்று ஜெர்மனியில் இருந்த அவ்வூர் இரண்டாம் உலகப் போருக்குப் பின் போலந்துக்குப் போய்விட்டது. ஊரிழந்த லட்சக்கணக்கான ஜெர்மானியரைப் போல அவரும் இடம் பெயர்ந்து, டிரெஸ்டனுக்கு வடக்கே உள்ள க்ரோஸன்ஹைன் என்ற சிற்றூருக்கு வந்தார். 1940களின் இறுதியில் கைதாகி, டிரெஸ்டனை அடுத்த ஆர்ன்ஸ்டோர்ஃப் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மனச்சிதைவு நோய் என்றார்கள். நோய்க்குறிப்பில் இன்னொன்றும் இருந்தது: பிரமையால் கண்டுபிடிப்புகள் செய்கிறார் என்பது. அதாவது, புதிதாக எதையாவது உருவாக்க நினைப்பதே அவருடைய நோயின் அடையாளமாகிவிட்டது.

1950இல் வெர்ம்ஸ்டோர்ஃபில் உள்ள ஹூபர்டஸ்பூர்க் அரண்மனைக்கு மாற்றப்பட்டார். ஏழாண்டுப் போரை முடித்த 1763ஆம் ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது இங்கேதான். பிற்காலத்தில் அதன் கட்டடங்கள் மருத்துவமனையாகின. யாங்கே சாகும்வரை, ஏறத்தாழ 38 ஆண்டுகள், அங்கேயே இருந்தார்.

அங்கே அவர் வரைந்தார். விண்கலங்கள், விமானங்கள், விசித்திரமான எஞ்சின்கள், பூமியின் தோற்றம் பற்றிய படங்கள். பாகங்களை வெட்டிக் காட்டி, ஒவ்வொன்றும் எப்படி வேலை செய்யும் என்று ஓரத்தில் எழுதி, தேதியிட்டுக் கையொப்பம் போட்டார். காகிதத்தோடு நிற்காமல் மாதிரிகளும் செய்தார். தன் எந்திரங்கள் போருக்கல்ல, அமைதிக்கே என்று வலியுறுத்தினார்.

இதே காலத்தில் அமெரிக்காவில் செஸ்லி போன்ஸ்டெல் விண்வெளி ஓவியராகப் பெரும் புகழ் பெற்றிருந்தார். 1952இல் தொடங்கிக் கோலியர்ஸ் பத்திரிகை வெளியிட்ட விண்பயணக் கட்டுரைகளுக்கு அவரும் படம் வரைந்தார். அவற்றை எழுதியவர்களில் முக்கியமானவர், ஹிட்லரின் ஜெர்மனிக்கு வி-2 ஏவுகணையைச் செய்து கொடுத்த வெர்னர் ஃபான் பிரவுன். அவருடைய கனவு அங்கே தேசத் திட்டமானது. யாங்கேயின் கனவு மருத்துவக் கோப்புக்குள் போனது.

யாங்கேயின் இயற்பியல் சரியானது என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய கலங்கள் பறந்திருக்காது. அவருக்கு நோயே இல்லை என்று வாதிடவும் எனக்குத் தகுதியில்லை. ஆனால் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1940–41இல் டிரெஸ்டனுக்கு அருகே பிர்னாவின் ஸொன்னன்ஸ்டைன் கோட்டையில், மனநோயாளிகளும் ஊனமுற்றோருமாக 13,700க்கும் மேற்பட்டோரை நாஜிகள் நச்சுவாயு செலுத்திக் கொன்றார்கள். அங்கே அனுப்புவதற்கு முன் நோயாளிகளைத் தங்கவைத்த இடங்களில் ஆர்ன்ஸ்டோர்ஃபும் ஒன்று. பத்தாண்டு முன்னதாக அங்கே நுழைந்திருந்தால் யாங்கே பிழைத்திருப்பாரா என்பது சந்தேகமே.

1978 ஆகஸ்டில் சாக்சனியில் பிறந்த ஸிக்முண்ட் யேன், சோவியத்தின் சோயூஸ் கலத்தில் ஏறி, விண்ணுக்குச் சென்ற முதல் ஜெர்மானியர் ஆனார். நாடே கொண்டாடியது. அப்போது யாங்கேக்கு 69 வயது, ஹூபர்டஸ்பூர்க்கில்தான் இருந்தார். 1988இல் காலமானார்.

2000ஆம் ஆண்டில் அந்த மருத்துவமனையின் பரணில் அவருடைய படங்கள் கிடைத்தன. சுமார் 4,500 தாள்கள். அதன் பிறகுதான் கண்காட்சிகள் நடந்தன, நூல்கள் வந்தன. கலைப் பள்ளியின் வாசனையே இல்லாமல் வரைவோரின் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்று அவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

நம்மூரில் யாராவது புதிதாக எதையாவது சொன்னால், "கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்புங்கப்பா" என்று சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். யாங்கேயைப் படித்த பிறகு அந்தச் சிரிப்பு அவ்வளவு எளிதாக வருவதில்லை. அவருடைய படங்களைப் பரணில் போட்டவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் அவற்றைக் குப்பையில் போடவில்லை. அதற்காகவாவது நன்றி சொல்ல வேண்டும்.