பள்ளி இடைவேளை விளையாட்டு

பள்ளி இடைவேளை விளையாட்டு என்பது பாடவேளைகளுக்கு நடுவே விடப்படும் ஓய்வு நேரத்தில் மாணவர்கள் தாமாகவே ஆடும் ஆட்டங்களைக் குறிக்கும். ஆசிரியர் நடத்தும் உடற்கல்விப் பாடவேளையில் இருந்து இது வேறுபட்டது.

தமிழகத்தில்

ஓடிப்பிடித்தல், நொண்டி, பச்சைக்குதிரை, பாண்டி, கபடி முதலியன தமிழகச் சிறுவர் ஆட்டங்களாகும். தேவநேயப் பாவாணர் 1954 இல் வெளியிட்ட தமிழ்நாட்டு விளையாட்டுக்கள் என்னும் நூல் இத்தகைய ஆட்டங்களை விளக்குகிறது. பாண்டி ஆடத் தரையில் வரைந்த கட்டங்களும் ஓர் ஓட்டுச்சில்லும் போதும். எனவே பெரிய திடல் இல்லாத பள்ளிகளிலும் இதனை ஆடலாம்.

பயன்கள்

உலக சுகாதார அமைப்பின் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, 5 முதல் 17 வயது வரையிலானோருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் தேவை. அது மிதமானதாகவோ தீவிரமானதாகவோ இருத்தல் வேண்டும். இடைவேளை ஆட்டங்கள் இதன் ஒரு பகுதியை ஈடுசெய்கின்றன. ஆட்ட விதிகளைத் தமக்குள் பேசி முடிவு செய்வதால் விட்டுக்கொடுத்தலையும் பிணக்குத் தீர்த்தலையும் மாணவர்கள் பழகுகின்றனர்.

சட்டமும் நடைமுறையும்

இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டம், 2009 இன் அட்டவணை, விளையாட்டுத் திடலையும் விளையாட்டுப் பொருட்களையும் பள்ளியின் தேவைகளாகக் குறிப்பிடுகிறது. எனினும் வீட்டுப்பாடம் முடிக்காத மாணவர்களை இடைவேளையில் வகுப்பறையிலேயே இருத்தும் வழக்கமும் உண்டு. தண்டனைக்காகவோ பாடத்திற்காகவோ இடைவேளையை மறுக்கலாகாது என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2013 இல் அறிவுறுத்தியது.