தரகர் கையில் உள்ள அமானிதம்

 

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

ஒரு ஜுமுஆவுக்குப் பின் ஒரு சகோதரர் என்னருகே வந்து அமர்ந்தார். வளைகுடா நாட்டில் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஊரில் ஒரு வீட்டுமனை வாங்கியிருந்தார். அதைப் பேசி முடித்துக் கொடுத்த தரகர் தொழுகையாளி. முதல் வரிசையில் நிற்பவர். பத்திரம் பதிவாகிச் சில மாதங்கள் சென்ற பின்னரே உண்மை வெளிப்பட்டது. “மனைக்காரர் இந்த விலைக்குக் கீழே இறங்கவே மாட்டார்” என்று சொல்லிக்கொண்டிருந்த அந்தத் தரகரே, அம்மனையைக் குறைந்த விலைக்குத் தம் உறவினர் பெயரில் முன்னரே வாங்கி வைத்திருந்தார். இலாபமும் அவருக்கே, தரகுக் கூலியும் அவருக்கே!

“ஹள்ரத்! இதை நான் வெளியில் சொன்னால் புறம் பேசிய பாவம் வந்துவிடுமா? பொறுமையாக இருந்துவிடட்டுமா?” என்று அவர் கேட்டார்.

அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்ல வேண்டும். அதற்கு முன், நம் முன்னோர்கள் இந்தத் தரகுத் தொழிலை எப்படிப் பார்த்தார்கள் என்ற வரலாற்றை அறிந்துகொள்வோம்.

நபி (ஸல்) சூட்டிய அழகிய பெயர்

இடையில் நின்று வியாபாரம் முடித்துத் தருபவரை அரபியில் ‘சிம்ஸார்’ என்பார்கள். அது அரபியல்லாத பிற மொழியிலிருந்து வந்த சொல் என்பர் அறிஞர்கள். மதீனாவின் கடைவீதியில் வணிகம் செய்த தங்களை மக்கள் அப்பெயராலேயே அழைத்துவந்தனர் என்றும், நபி (ஸல்) அவர்கள் அங்கு வந்து அதைவிட அழகிய பெயரால், ‘வணிகர்களே’ என்று தங்களை அழைத்தார்கள் என்றும் கைஸ் இப்னு அபீ ஃகரஸா (ரளி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பெயரைச் சூட்டியதோடு நபியவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. விற்பனையில் வீண் பேச்சும் சத்தியம் செய்வதும் கலந்துவிடும். ஆகவே தர்மத்தையும் அதனோடு கலந்துகொள்ளுங்கள் என்று அறிவுறுத்தினார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இச்செய்தி உள்ளது.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. அத்தொழிலில் இருந்தவர்களை நபியவர்கள் இழிவாகப் பார்க்கவில்லை. அதே வேளையில், அத்தொழிலின் ஆபத்து நாவில்தான் இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை.

தரகுக் கூலி ஆகுமானதா? இப்னு ஸீரீன், அதாஃ, இப்ராஹீம் நகஈ, ஹஸன் பஸரீ (ரஹ்) போன்ற தாபியீன்கள் அதில் குற்றமில்லை எனக் கருதியதை இமாம் புகாரீ (ரஹ்) தம் நூலில் பதிவு செய்துள்ளார்கள். ஆனால், வாங்கும் எண்ணமே இன்றிப் பிறரை ஏமாற்ற விலையை ஏற்றிக் கேட்கும் ‘நஜ்ஷ்’ எனும் செயலை நபி (ஸல்) அவர்கள் தடுத்துவிட்டார்கள். அப்படிச் செய்பவனை வட்டி உண்பவன் என்றும் மோசடிக்காரன் என்றும் இப்னு அபீ அவ்ஃபா (ரளி) அவர்கள் கண்டித்தார்கள். “நேற்றே ஒருவர் இதைவிட இரண்டு இலட்சம் அதிகம் தருவதாகச் சொன்னார்” என்று, இல்லாத ஒருவரை உண்டாக்கிப் பேசும் இன்றைய பேச்சு எதில் சேரும் என்பதை வாசகர்களே சிந்தித்துக்கொள்ளுங்கள்.

முந்நூறா, எண்ணூறா?

ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரளி) அவர்கள், ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று நபி (ஸல்) அவர்களிடம் உறுதிமொழி கொடுத்தவர்கள். ஒருமுறை தமக்குக் குதிரை வாங்கிவரத் தம் பணியாளரை அனுப்பினார்கள். அவர் 300 திர்ஹத்துக்குப் பேசி முடித்து, பணம் பெற்றுக்கொள்ளக் குதிரைக்காரரையும் உடன் அழைத்துவந்தார். முதலாளிக்கு மலிவாக முடித்துக் கொடுத்த மகிழ்ச்சி அவருக்கு. குதிரையைப் பார்த்த ஜரீர் (ரளி) அவர்களோ, “உம் குதிரை இதைவிட மதிப்புள்ளதாயிற்றே, 400க்குத் தருவீரா?” என்று விற்பவரிடமே கேட்டு, நூறு நூறாக ஏற்றி, இறுதியில் 800 திர்ஹம் கொடுத்து வாங்கினார்கள். நபியவர்களிடம் தாம் கொடுத்த வாக்கையே அதற்குக் காரணமாகச் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இந்நிகழ்ச்சியை எடுத்துரைக்கிறார்கள்.

எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய தந்திரங்கள்

எல்லாரும் ஜரீர் (ரளி) அவர்களைப் போல் இருப்பதில்லை. அதனால்தான் நம் முன்னோர்கள் கடைவீதியை உபதேசத்தோடு மட்டும் விட்டுவிடவில்லை. ‘முஹ்தஸிப்’ எனும் கண்காணிப்பாளரையும் நியமித்தார்கள். அளவை, நிறுவை, கலப்படம் ஆகியவற்றோடு தரகர்களையும் அவர் கண்காணித்தார். அவருக்கு வழிகாட்டும் கையேடுகளும் எழுதப்பட்டன. கி.பி. 12ஆம் நூற்றாண்டில், சுல்தான் ஸலாஹுத்தீன் காலத்தில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் ஷைஸரீ (ரஹ்) அவர்களின் நூல் அவற்றுள் புகழ்பெற்றது. 1329இல் மறைந்த எகிப்து அறிஞர் இப்னுல் உகுவ்வா (ரஹ்) அவர்கள் தம் நூலில் வீடுகளை விற்றுத்தரும் தரகர்களையும் சேர்த்தே பேசுகிறார்கள்.

ஷைஸரீ அவர்கள் காட்டும் தந்திரங்களைக் கேளுங்கள். தரகர் பொருளைத் தாமே வாங்கிக்கொண்டு, வேறொருவர் வாங்கியதாக உரிமையாளரை நம்பவைப்பார். தம் சொந்தப் பொருளையே ஒரு வணிகருடையது என்று சொல்லி விலையை ஏற்றுவார். உரிமையாளரின் அனுமதியின்றி விலைப்பணத்தைத் தாமே பெற்றுக்கொள்வார். விற்பவருக்குக் கடன் கொடுத்து, ‘என் மூலமாகவே விற்க வேண்டும்’ என்று கட்டிப்போடுவார். இவை அனைத்தையும் கண்டித்துவிட்டு, பொருளில் குறை இருப்பது தெரிந்தால் அதை வாங்குபவருக்கு அறிவிப்பது தரகர் மீது கடமை என்றும் அவர்கள் எழுதுகிறார்கள்.

நம் சகோதரருக்கு நேர்ந்தது இந்தப் பட்டியலில் அப்படியே இருக்கிறது அல்லவா? தந்திரம் பழையது; பத்திரம்தான் புதியது!

நூற்றுக்கு இரண்டு திர்ஹம்

எகிப்தின் வரலாற்றாசிரியர் மக்ரீஸீ (ரஹ்) அவர்கள் மற்றொரு செய்தியைப் பதிவு செய்துள்ளார்கள். மம்லூக் ஆட்சியில் தரகுக் கூலி நூற்றுக்கு 2 திர்ஹமாக இருந்தது. அதில் பாதி அரசுக்கு வரவேண்டும் என்று ஓர் அமைச்சர் வரி விதித்தார். தரகர்கள் தங்கள் பங்கைக் குறைத்துக்கொண்டார்களா? இல்லை. தங்கள் திர்ஹத்தை முதலில் உறுதி செய்துகொண்டார்கள். சுமை மக்கள் தலையில் விழுந்தது. ஹிஜ்ரி 715இல் (கி.பி. 1315) சுல்தான் நாஸிர் முஹம்மத் அந்த வரியை நீக்கினார். தரகரிடம் பங்கு கேட்கும் அரசால் தரகரைக் கண்காணிக்க முடியாது என்பதே இதில் உள்ள படிப்பினை.

இன்று நமது நாட்டில் முஹ்தஸிப் இல்லை; சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற மனைப்பிரிவுகளிலும் அடுக்குமாடித் திட்டங்களிலும் விற்றுத்தரும் முகவர், தாமும் ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பொய்யான விளம்பரம் கூடாது. மீறினால் நாள் ஒன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் உண்டு. ஆனால் தெருவில் உள்ள பழைய வீடு, தனி மனை ஆகியவற்றின் பேரம் பெரும்பாலும் இச்சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை. அங்கே நம் விழிப்புணர்வுதான் காவல்.

நாம் செய்ய வேண்டியது

அன்பர்களே! கூலி எவ்வளவு, அதைத் தருபவர் யார் என்பதை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். உரிமையாளரை நேரில் சந்திக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் நீங்களே பெற்றுப் பாருங்கள். இது சந்தேகப்படும் குணம் அன்று. கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொன்ன குர்ஆனின் வழிகாட்டுதலே ஆகும்.

தவறு நடந்துவிட்டால் முதலில் அவரிடமே தனிமையில் கேளுங்கள். பயனில்லையேல் ஜமாஅத் பெரியோர்கள் முன்னிலையில் கேளுங்கள். அதற்கும் இணங்காவிட்டால் சட்டத்தின் கதவைத் தட்டுங்கள். அநீதிக்கு உள்ளானவர் நியாயம் வழங்கக்கூடியவரிடம் முறையிடுவதும், ஏமாறவிருப்பவரை எச்சரிப்பதும் புறம் பேசுதலில் சேராது என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தெளிவுபடுத்தியுள்ளார்கள். ஆனால் முறையிட வேண்டிய இடத்தில் முறையிடாமல், டீக்கடையில் அவருடைய குடும்பத்தையும் சேர்த்து ஏசுவது புறம்தான்.

இதையே அந்தச் சகோதரரிடம் சொன்னேன். ஜமாஅத் பெரியோர் இருவருடன் அவர் தரகரின் வீட்டுக்குச் சென்றார். நீண்ட பேச்சுக்குப் பின் தரகுக் கூலி மட்டும் திரும்பக் கிடைத்தது, இலாபம் கிடைக்கவில்லை. ஆயினும் அடுத்து அதே தரகரை நம்பி முன்பணம் கொடுக்கவிருந்த மற்றொரு குடும்பம் விழித்துக்கொண்டது.

நம் பக்கத்துத் தவறையும் மறக்கலாகாது. “கிணற்றில் கோடையில் தண்ணீர் இருக்காது என்பதைச் சொல்லிவிடாதே” என்று தரகருக்குக் கற்றுக்கொடுப்பவர்கள் விற்பவர்களாகிய நாம்தாம். தரகர் வீட்டைக் காட்டிய பிறகு, அவருக்குத் தெரியாமல் உரிமையாளரிடம் சென்று முடித்துக்கொண்டு கூலியை மிச்சப்படுத்துபவர்களும் நாம்தாம். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரித்திருப்பதை நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். தரகரின் பொய்யும் ஹராம். அவருடைய கூலியை விழுங்குவதும் ஹராம்.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்தால் அது அழிக்கப்படும் என்பது நபிமொழி. நாம் கட்டும் வீட்டில் நம் பிள்ளைகள் உறங்கப் போகிறார்கள். அந்த வீட்டின் முதல் செங்கல் உண்மையாக இருக்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்கி, அமானிதத்தைப் பேணி வாழும் நற்பேற்றை நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.