சிவப்பு நீலப் பென்சில்

போன பங்குனியில் இங்கிலாந்தில் இருக்கும் என் பேத்திக்குக் காலில் ஆபரேஷன். எட்டு வயசு. பதினோரு நாள் ஆஸ்பத்திரி வாசம். தினமும் சாயங்காலம் மகன் வீடியோ காலில் அவளைக் காட்டுவான். முதல் நான்கு நாள் பேச்சே இல்லை. எதைக் கேட்டாலும் 'ம்' மட்டும்தான். ஐந்தாம் நாள் அவளே கூப்பிட்டாள்.

"தாத்தா, இன்னிக்கு மியூசியத்துலேர்ந்து ஒரு ஆன்ட்டி வந்தாங்க. பெட்டி நிறைய ரொம்பப் பழைய சாமான். கையில எடுத்துப் பாக்கலாமாம். அப்புறம் நான் படம் போட்டேன்."

"என்ன படம்மா? தாத்தாவுக்குக் காட்டேன்."

"மாட்டேன். டாக்டருக்கும் காட்டல. வேணாம்னா வேணாம்னு சொல்லலாம்னு அந்த ஆன்ட்டி முதல்லயே சொல்லிட்டாங்க."

போனை வைத்த பிறகு வெகுநேரம் அந்த 'வேணாம்' மனசிலேயே நின்றது. ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை வேண்டாம் என்றால் யார் கேட்பார்கள்? ஊசி வேண்டாம், மருந்து வேண்டாம், பட்டினி வேண்டாம் என்று அழும். அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் குழந்தை பிழைக்காது. ஆக, அந்த வார்டில் அவள் 'வேணாம்' சொல்ல முடிந்த ஒரே ஆள் அந்தப் பெட்டிக்காரப் பெண்மணிதான்.

எனக்கு 1959 ஞாபகம் வந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயசு. தொண்டை வலியில் ஆரம்பித்து, மூட்டு மூட்டாக வீங்கிக் காய்ச்சல். ருமாட்டிக் காய்ச்சல் என்றார்கள். இதயத்தைப் பிடித்துவிடும், எழுந்து நடக்கவே கூடாது என்பது அந்தக் காலத்து வைத்தியம். ஏழு வாரம் கட்டிலில். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். அம்மாவுக்குக் கைக்குழந்தை, கூட இருக்க முடியவில்லை. அப்பா நாலு மணிக்கு மேல் வருவார். ஆறு மணிக்கு மணி அடித்தால் கிளம்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு நானும் மேலே விட்டத்துப் பல்லியும்தான்.

அந்த வார்டில் சார்ட் எழுதும் ஒரு அண்ணன் இருந்தார். ஒருநாள் பழைய ஜுர சார்ட்டுகள் ஒரு கட்டும், ஒரு பென்சிலும் கொடுத்தார். ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். கணக்காபீசில் டிக் அடிப்பார்களே, அந்தப் பென்சில். சார்ட்டின் பின்பக்கத்தில் ரயில் போட்டேன், பல்லி போட்டேன், அம்மாவைப் போட்டேன். நாலைந்து நாள் கழித்து வெள்ளை விரிப்பில் நீலக் கறையைப் பார்த்த சிஸ்டர் பென்சிலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் கெட்டவர் இல்லை. விரிப்பு சுத்தமாக இருக்கவேண்டும், பையன் அசையாமல் இருக்கவேண்டும் என்பதுதான் அன்றைய தர்மம்.

ரிடையர் ஆனவனுக்கு வேறென்ன வேலை? பேத்தி சொன்னதை வைத்துக்கொண்டு, படம் எப்படி ஆஸ்பத்திரிக்குள் போனது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: படம் முதலில் போனது பணம் கொடுப்பவருக்காக. பிறகு குழந்தையின் கண்ணுக்காக. கடைசியில்தான் குழந்தையின் கைக்காக. இருப்பதிலேயே செலவு குறைவான அந்த மூன்றாவதுதான் வந்துசேர ரொம்ப காலம் எடுத்துக்கொண்டது.

முதல் கதை லண்டனில். தாமஸ் கோரம் என்று ஒரு கப்பல் காப்டன். தெருவோரம் போடப்பட்டுக் கிடந்த சிசுக்களைப் பார்த்துப் பொறுக்காமல் பல வருஷம் அலைந்து, 1739-ல் அரசரிடம் சாசனம் வாங்கி 'ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடல்' ஆரம்பித்தார். ஹாஸ்பிடல் என்றாலும் அது வைத்தியசாலை இல்லை, அநாதைக் குழந்தைகள் இல்லம். ஓவியர் வில்லியம் ஹோகார்த் அதன் நிர்வாகிகளில் ஒருவர். 1740-ல் கோரமின் உருவப்படத்தை வரைந்து இல்லத்துக்கே கொடுத்தார். மற்ற ஓவியர்களையும் கொடுக்க வைத்தார். பொதுமக்கள் போய் ஓவியம் பார்க்கும் காட்சிக்கூடம் இங்கிலாந்தில் அங்கேதான் முதலில் அமைந்தது என்று சொல்வார்கள். பெரிய மனிதர்கள் படம் பார்க்க வருவார்கள், பிள்ளைகளையும் பார்ப்பார்கள், நன்கொடை கொடுப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் படம் மாட்டியது வருகிறவர்களின் மனம் இளக. இன்று அது ஃபவுண்ட்லிங் மியூசியம். பிள்ளையை விட்டுப்போன தாய்மார்கள் பின்னால் அடையாளம் காட்டுவதற்காக வைத்துவிட்டுப் போன நாணயங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன.

குழந்தைகளைப் படுக்க வைத்து வைத்தியம் பார்க்கவென்றே லண்டனில் ஆஸ்பத்திரி வந்தது அதற்கும் நூறு வருஷம் கழித்து. 1852 பிப்ரவரியில், கிரேட் ஆர்மண்ட் தெருவில், பத்தே பத்துக் கட்டிலோடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டௌல்டன் கம்பெனி குழந்தை வார்டுகளுக்கென்று ஓட்டுப் படங்கள் செய்துகொடுத்தது. மழலைப் பாட்டுகளில் வரும் ஆடு, பூனை, ராஜா, ராணி எல்லாம் பளபளவென்று சுவரில். ஏன் பீங்கான் ஓடு? தண்ணீர் விட்டுக் கழுவலாம், கிருமி தங்காது. குழந்தையின் கண்ணுக்கு அழகு, ஆஸ்பத்திரிக்குச் சுத்தம். ஆனாலும் அது யாரோ போட்ட படம். குழந்தை படுத்துக்கொண்டு பார்க்கலாம், அவ்வளவுதான்.

அந்த வார்டுகளில் வேறொன்று இல்லை: அம்மா. நம் ஊர் தர்மாஸ்பத்திரியில் அம்மாக்கள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துவிடுவார்கள், விரட்டினாலும் போகமாட்டார்கள். அங்கே அப்படி இல்லை. 1949 வாக்கில் லண்டன் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் வாரத்துக்கு ஒருமுறை, இரண்டுமுறை, ஒரு மணி, இரண்டு மணி நேரம்தான் பெற்றோருக்கு அனுமதி. தொற்று வரும் என்பது ஒரு காரணம். அம்மா வந்துபோனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் இரண்டு நாளில் 'அமைதியாகி' விடுகிறது என்பது இன்னொரு காரணம்.

அந்த அமைதி என்ன அமைதி என்று கேட்டவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். டாவிஸ்டாக் கிளினிக்கில் ஜான் பௌல்பியுடன் வேலை பார்த்தவர். 1952-ல் ஒரு படம் வெளியிட்டார். லாரா என்ற இரண்டரை வயதுகூட நிறையாத குழந்தை தொப்புள் குடலிறக்க ஆபரேஷனுக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். கேமரா அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அவள் பெரிதாக அழவில்லை. முகம் மட்டும் நாளுக்கு நாள் மூடிக்கொண்டே போகிறது. படத்தைப் பார்த்த மருத்துவர்கள் பலருக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் மறக்க முடியவில்லை. 1959-ல் சர் ஹாரி பிளாட் தலைமையிலான குழு அறிக்கை கொடுத்தது: பெற்றோரை எப்போதும் அனுமதியுங்கள், சின்னக் குழந்தையோடு தாயையும் சேருங்கள், விளையாட்டும் படிப்பும் வேண்டும். நான் விட்டத்துப் பல்லியை எண்ணிக்கொண்டிருந்த அதே வருஷம்.

சரி, பென்சில் எப்போது கைக்கு வந்தது? அதற்கு ஒரு நோயாளியே வரவேண்டியிருந்தது. ஏட்ரியன் ஹில் என்ற ஓவியர் 1938-ல் காசநோயோடு இங்கிலாந்தின் மிட்ஹர்ஸ்ட் சானடோரியத்தில் படுத்தார். சானடோரியம் என்றால் நமக்குத் தாம்பரம்தான். அதை 1928-ல் ஆரம்பித்த டாக்டர் சௌரி முத்து அதற்கு முன் இங்கிலாந்திலேயே சானடோரியம் நடத்தியவர். கணிதமேதை ராமானுஜன் அங்கே அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டார். அந்தக் காலத்தில் காசத்துக்கு மருந்து கிடையாது. காற்று, சத்தான உணவு, மாசக்கணக்கில் ஓய்வு. ஹில் படுத்தபடியே கைக்கெட்டும் தூரத்தில் இருந்த சாமான்களை வரைய ஆரம்பித்தார். வலி போகவில்லை, பொழுது போயிற்று. அதைவிட, தான் இன்னும் ஓவியன்தான் என்று தோன்றிற்று. பிறகு மற்ற நோயாளிகளுக்கும், போரில் அடிபட்டு வந்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். 'ஆர்ட் தெரபி' என்ற பெயரை 1942-ல் வைத்தவர் அவர்தான். பின்னால் பிபிசி டெலிவிஷனில் குழந்தைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுத்ததும் அவரே.

அதே 1942-ல் நியூயார்க்கில் நவீன ஓவிய மியூசியம் குழந்தைகளுக்கென்று 'ஆர்ட் கார்னிவல்' ஆரம்பித்தது. அங்கே கல்விப் பொறுப்பில் இருந்தவர் விக்டர் டாமிகோ. அவருடைய ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. நுழைவாயிலே குழந்தையின் உருவ அளவில்தான் வெட்டியிருக்கும்; பெரியவர்களுக்கு உள்ளே இடமில்லை. முதல் அறையில் தொட்டு விளையாடச் சாமான்கள். அடுத்த அறையில் வண்ணம், காகிதம், பசை. பார்த்து வரைவது, மார்க் போடுவது, போட்டி வைப்பது எல்லாம் அவருக்கு ஆகாது. 1944-ல் அவரே அதே மியூசியத்தின் சார்பில் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு ஓவியப் பட்டறை நடத்தினார். இந்த கார்னிவல் பிறகு நம் நாட்டுக்கும் வந்தது. 1962-ல் ஜாக்குலின் கென்னடி இந்தியா வந்தபோது டெல்லி குழந்தைகளுக்கான அன்பளிப்பாக இந்திரா காந்தியிடம் அளித்தார்.

ஓவியர், டாக்டர், மியூசியம் என்று தனித்தனியாக வந்த இந்த வழிகள் மெதுவாக ஒன்று சேர்ந்தன. பிளாட் அறிக்கைக்குப் பிறகு இங்கிலாந்து வார்டுகளில் விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கவே ஆட்கள் வந்தார்கள். மியூசியங்களும் கதவைத் திறந்து, வர முடியாதவரிடம் தாங்களே போக ஆரம்பித்தன. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மியூசியங்கள் பழம்பொருட்களை நோயாளிகளின் படுக்கைக்கே கொண்டுபோய்க் கையில் கொடுத்து, அதனால் மனநிலையில் என்ன மாற்றம் என்று ஆராய்ச்சியே செய்தார்கள்.

பேத்தியின் வார்டில் எப்படி நடந்தது என்று மருமகளிடம் துருவித் துருவிக் கேட்டேன். பெட்டிச் சாமான்கள் ஒவ்வொன்றும் துடைத்து எடுக்கக்கூடியவை. களிமண் கிடையாது, ஒருவர் கை பட்டது இன்னொருவருக்குப் போகக்கூடாது. காகிதம் அவரவருக்கே. தனி அறையில் இருக்கும் பிள்ளைக்குக் கொடுத்த பிரஷ் அங்கேயே தங்கிவிடும். வலது கையில் டிரிப் ஏறுகிற பையன் இடது கையால் போடுகிறான். பிடிக்க வலுவில்லாத கைக்கு பிரஷ் காம்பில் ஸ்பாஞ்ச் சுற்றிக் கொடுக்கிறார்கள். ஸ்கேனுக்குக் கூப்பிட்டால் பாதியில் விட்டுப் போகலாம், வந்து தொடரலாம். அன்று என் விரிப்பைக் காப்பாற்றிய சிஸ்டரின் நியாயமும் இதில் இருக்கிறது, என் பென்சிலும் இருக்கிறது.

மருமகள் சொன்ன ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அந்தப் பெண்மணி, "உனக்கு என்ன உடம்பு?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லையாம். ஒரு பழைய மண்விளக்கைக் கையில் கொடுத்து, "இது எதுக்கு இருந்திருக்கும்னு நினைக்கிறே?" என்று கேட்டாராம். டாக்டர் வந்தால் கால், நர்ஸ் வந்தால் ஜுரம், நாங்கள் பேசினால் "சாப்பிட்டியா?". நாலு நாளைக்கப்புறம் அவளிடம் அவளுடைய அபிப்பிராயத்தைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

இனி நம் எழும்பூருக்கு வருகிறேன். பாந்தியன் ரோட்டு மியூசியத்தை நம் தலைமுறை 'செத்த காலேஜ்' என்றுதான் சொல்லும். மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. அந்த மியூசியம் 1851-ல் ஆரம்பித்தபோது அதன் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர், ஒரு சர்ஜன். மியூசியத்திலேயே உயிருள்ள மிருகங்களை வைத்து ஜனங்களை வரவழைத்தவர். நம் ஓவியக் கல்லூரிக்கு 1850-ல் வித்திட்ட அலெக்ஸாண்டர் ஹண்டர், அவரும் ஒரு சர்ஜன். மதராசில் மியூசியமும் ஓவியப் பள்ளியும் டாக்டர்கள் போட்ட விதை. மியூசியத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஹால்ஸ் ரோட்டில், அரசு குழந்தைகள் ஆஸ்பத்திரி. எத்தனையோ மாவட்டங்களிலிருந்து பிள்ளைகள் வந்து படுக்கிற இடம். நம் மகன்களையும் மகள்களையும் அங்கே தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே பலர் இருப்பீர்கள்.

அந்த மூன்று கட்டடங்களுக்கும் நடுவே ஒரு பெட்டி போய்வர எவ்வளவு செலவாகும்? ஐம்பொன் நடராஜரைத் தூக்கிப் போகச் சொல்லவில்லை. ஒரு பிரதி போதும், ஒரு சங்கு, ஒரு பழைய செப்புக்காசு, கொஞ்சம் காகிதம். ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர். நம் போன்ற ரிடையர் ஆனவர்களும் துடைக்க, அடுக்க, பெட்டி தூக்க வரலாம். நான் வருகிறேன். முதலில் குழந்தையிடம், "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம் கண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கவேண்டும்.

பேத்தி இப்போது நன்றாக நடக்கிறாள். ஆடி மாசம் லீவுக்கு வருகிறாள். எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். தெருமுனை ஸ்டேஷனரிக் கடையில் சிவப்பு நீலப் பென்சில் கேட்டேன். கடைக்காரர் உள்ளே போய்த் தேடி ஒன்று எடுத்துவந்தார். வாங்கி வைத்திருக்கிறேன். அந்த ஆஸ்பத்திரிப் படத்தை இன்னும் அவள் யாருக்கும் காட்டவில்லை. நானும் கேட்கப் போவதில்லை.