கண்டி இராச்சியத்தின் துவக்கு மருந்து

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

கண்டி இராச்சியம் 1815 வரை எப்படித் தாக்குப்பிடித்தது என்று வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் உடனே சொல்வார்கள்: மலை, காடு, மழை, காய்ச்சல். சரியான பதில்தான். ஆனால் மலையும் மழையும் சுடுவதில்லை. சுட்டது துவக்கு. அந்தத் துவக்குக்குள் போட்ட மருந்து எங்கிருந்து வந்தது?

முதலில் சொல்லைப் பாருங்கள். துருக்கி மொழியின் 'துஃபெக்' தமிழுக்குள் வந்து துப்பாக்கி, துவக்கு என்று ஆனது. தமிழிலிருந்து சிங்களத்துக்குப் போய் 'துவக்குவ' ஆனது. கண்டிப் படையினர் தூக்கிச் சென்ற, கால் வைத்த சிறு பீரங்கிக்குப் பெயர் 'கொடித்துவக்கு'. இன்றும் நம் சிங்கள நண்பர்கள் பலருக்கு அது குடும்பப் பெயர்.

துவக்கு செய்வதில் இந்த நாட்டுக் கொல்லர்களின் திறமையைப் போர்த்துக்கேயரே பாராட்டி எழுதி வைத்திருக்கிறார்கள். 1765ல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையடித்துக் கொண்டுபோன பொருட்களில் ஆறு, 2023 டிசம்பரில் நெதர்லாந்திலிருந்து திரும்பி வந்தன. லெவ்கே திசாவையின் பீரங்கியும் இரண்டு பெரிய துவக்குகளும் அவற்றில் அடங்கும். பீரங்கியின் வேலைப்பாட்டை எல்லோரும் படம் பிடித்துப் போட்டார்கள். அதற்குள் போட்ட மருந்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

மருந்தைப் பற்றி எழுதி வைத்தவர் ஜோன் டேவி. 1803ல் வத்தபுளுவையில் தன் படையை இழந்த மேஜர் டேவி வேறு, இவர் வேறு. இவர் 1816 முதல் 1820 வரை இங்கே இருந்த இராணுவ வைத்தியர், புகழ்பெற்ற இரசாயனவியலாளர் ஹம்ப்ரி டேவியின் தம்பி. 1821ல் வெளிவந்த தன் நூலில் தும்பறையின் ஒதுக்குப்புறத்தில், மீமுரே அருகே, வெடியுப்பு எடுத்த ஒரு குகையைப் பற்றி விவரமாக எழுதுகிறார். ஹுன்னஸ்கிரியவால் திரும்பி நாம் சுற்றுலா போகும் அதே மீமுரேதான்.

குகை நிறைய வௌவால். அதன் எச்சம் காலப்போக்கில் பாறையில் ஊறி உப்பாகப் படிகிறது. மழையில்லாத மாதங்களில் வேலையாட்கள் போய், சிறு கோடரிகளால் பாறையின் மேற்பரப்பைக் கொத்தி எடுத்து, அதோடு விறகுச் சாம்பலைக் கலந்து, தண்ணீர் ஊற்றி வடித்து, அந்த நீரைக் காய்ச்சி உப்பை எடுத்தார்கள்.

சாம்பல் எதற்கு? சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. குகையில் கிடைக்கும் உப்பில் பெரும்பகுதி சுண்ணாம்போடு சேர்ந்த உப்பு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கசிந்துவிடும். நம்முடைய மழைக்கு அந்த மருந்து ஒரு நாளும் நிற்காது. சாம்பலிலுள்ள பொட்டாசியம் கலந்ததும் சுண்ணாம்பு அடியில் படிந்து, ஈரத்தை அவ்வளவாக இழுக்காத வெடியுப்பு நீரில் தங்குகிறது. இதற்கான சமன்பாட்டை இன்று நாம் விஞ்ஞானப் பாடத்தில் எழுதலாம். அவர்கள் சமன்பாடு இல்லாமலே செய்தார்கள்.

அடுத்தது கலவை. டேவி தரும் கணக்குப்படி வெடியுப்பு ஐந்து பங்கு, கந்தகம் ஒரு பங்கு, கரி ஒரு பங்கு. நூற்றுக்குப் பார்த்தால் ஏறக்குறைய 71, 14, 14. அக்காலத்து ஆங்கிலேயப் படையின் கலவை 75, 10, 15. பெரிய வித்தியாசம் இல்லை. கரிக்கும் கண்ட மரத்தை வெட்டவில்லை, தேர்ந்தெடுத்த மரத்தையே எரித்தார்கள். மருந்து எரியும் வேகம் கரியின் தன்மையைப் பொறுத்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இவற்றை மெல்லிய சுண்ணாம்பு நீரும் காட்டுக்கிழங்குச் சாறும் தெளித்து, தட்டைக் கல்லில் அரைத்தோ நெல் குத்தும் உரலில் இடித்தோ காய வைத்தார்கள்.

அதோடு நிறுத்திவிட்டார்கள். வித்தியாசம் இந்த இடத்தில்தான். ஐரோப்பியர் மருந்தைக் குறுணியாக்கிச் சலித்தார்கள். பீரங்கிக்குப் பெரிய குறுணி, கைத்துவக்குக்குச் சிறியது. குறுணிகளுக்கு இடையிலுள்ள வெளியால் நெருப்பு ஒரே நொடியில் முழுவதும் பரவும். ஒவ்வொரு வெடியும் ஏறக்குறைய ஒரே வலுவோடு போகும். கண்டி மருந்தோ தூள். இறுக்கி அடைத்தால் ஒரு விதம், தளர அடைத்தால் இன்னொரு விதம். நெடும் பயணத்தில் குலுங்கினால் மூன்று பொருளும் பிரிந்துவிடவும் கூடும். தூரத்துக்குக் குறி வைக்க அது தோதான மருந்தல்ல. ஆனால் பலனையிலும் கன்னொருவையிலும் நடந்தது தூரத்துச் சண்டை அல்லவே! ஒடுங்கிய கணவாய், அடர்ந்த காடு, கிட்ட வரவிட்டுச் சுடுவது. அதற்குத் தூள் மருந்தே போதும்.

இப்போது ஒரு கேள்வி. வெடியுப்பு குகையில் இருந்தது. கரி காட்டில் இருந்தது. கந்தகம்? இலங்கையில் கந்தகச் சுரங்கமே கிடையாது. அது கடல் கடந்துதான் வரவேண்டும். 1766 உடன்படிக்கையோடு கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போனது. துறைமுகம் ஒன்றுகூட இல்லாத இராச்சியத்துக்கு, ஏழில் ஒரு பங்குக்காகக் கரையை நம்ப வேண்டிய நிலை. உப்பும் கருவாடும் அப்படித்தான்.

கரையையும் மலையையும் இணைத்தது மாட்டுத் தவளம். அரசனுக்குக் கீழ் அதற்கென்றே 'மடிகே' என்ற பிரிவு இருந்தது. அதில் நம் முன்னோருக்குப் பெரிய பங்குண்டு. கலகெதரை மடிகே என்று ஊர்ப்பெயராக அது இன்றும் வாழ்கிறது. கரையிலிருந்து உப்பும் கருவாடும் ஏறின, மலையிலிருந்து பாக்கு இறங்கியது.

இதைப் பெருமை பேசச் சொல்லவில்லை. கண்டியின் சுதந்திரத்தை அரசர்களும் பிரதானிகளும் மட்டும் காக்கவில்லை. குகையில் பாறை கொத்தியவர், உரலில் மருந்து இடித்தவர், மாட்டுக்குப் பின்னால் கணவாய் ஏறியவர் எல்லோருடைய உழைப்பும் அதில் கலந்திருக்கிறது. அவர்களில் ஒருவரின் பெயரும் பாடப்புத்தகத்தில் இல்லை. இது யாருடைய நாடு என்ற கேள்வி அடிக்கடி எழுகிற காலத்தில், ஒரு பிடி மருந்துக்குள் எத்தனை பேருடைய கை இருந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.

உடுதும்பறை, மடவளை, கலகெதரைப் பக்கத்துப் பெரியவர்களிடம் தவளப் பாதைகள் பற்றிய கதைகள் இன்னும் இருக்கும். வீட்டில் வாப்பும்மா, உம்மம்மா இருந்தால் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.